தியூ மணலில் வசந்தியைத் தேடிய முற்பகல்

"நாப்பத்திரண்டு," என்றார் சிவநேசன் அண்ணை.

பூங்காவில் காத்திருந்த என்னைத் தவிர்த்து, பஸ்ஸில் வந்தவர்கள் நாற்பத்து மூன்று பேர். அதை அவர் டென்மார்க்கில் நாங்கள் வசிக்கிற பிராண்டேயில் வைத்தே மூன்று தரம் எண்ணி, ஒரு துண்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தார். எங்கள் தமிழ்ச் சங்கத்தின் சுற்றுலாப் பொறுப்பாளர் அவர். இருபது வருடமாக ஒருவரையும் எங்கேயும் விட்டுவிட்டு வந்ததில்லை என்ற பெருமை அவருக்கு உண்டு.

"உங்களை எண்ணினீங்களோ அண்ணை?" என்று கேட்டேன்.

"என்னைச் சேத்துத்தான் தம்பி நாப்பத்திரண்டு."

நாங்கள் நின்றது ஒரு மணல்மேட்டின் உச்சியில். கால் மணி நேரத்துக்கு முன்பு அங்கிருந்து பார்த்தால் மேற்கே கடல் தெரிந்தது. கிழக்கே பழுப்பும் பச்சையுமாகப் புதர் வெளி, அதற்கும் அப்பால் பைன் மரங்களின் கறுப்புக் கோடு. இப்போது சிவநேசன் அண்ணையின் காலணி தெரிந்தது. அவருக்கு அடுத்தவரின் காலணி தெரியவில்லை. புகார் என்று நாங்கள் சொல்கிற மூடுபனி கடலில் இருந்து வந்து எங்களை மூடிவிட்டிருந்தது. வாயைத் திறந்தால் நாக்கில் உப்பு.

எல்லோரும் கதைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். எங்கள் ஆட்கள் புகாருக்காகக் கதையை நிறுத்துகிறவர்கள் அல்ல. கோல்டிங்கில் இருந்து வந்த இரண்டு அக்காமார் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று கேட்டார்கள். பஸ் சாரதி டேனிஷில் பகிடி விட்டார். ஒவ்வொரு குரலையும் நான் அடையாளம் பிடித்துக்கொண்டு வந்தேன்.

ஒரு குரல் இல்லை. இருபத்தேழு வருடமாக என் காதில் இருக்கிற குரல் அது.

கைப்பேசியில் வசந்தியை அழைத்தேன். இரண்டு அடி தள்ளி, சிவநேசன் அண்ணையின் மனைவி தோளில் மாட்டியிருந்த வசந்தியின் பைக்குள் அது மணியடித்தது.

"சப்பாத்துக்குள்ள மண் போயிட்டுது எண்டு கீழ இருந்தவ," என்றார் அவர். "இதைப் பிடியுங்கோ அக்கா, வாறன் எண்டு பையைத் தந்தவ."

என் மனைவிக்கு நீந்தத் தெரியாது. அந்த இடம் அவருக்குப் புதிது. நான்கு மாதமாக நான் வேலை செய்த அந்தப் பூங்காவுக்கு அன்றுதான் முதல் தரம் வந்திருந்தார். அதுவும் என்னோடு இரண்டு கிழமை சரியாகக் கதைக்காமல் இருந்துவிட்டு.

தோள் தந்த வேலை

கரப்பந்தாட்டத்தில் தோள் போன கதையைச் சென்ற வாரம் இந்தப் பத்தியில் எழுதியதும், நண்பர்கள் சிலர் கேட்டார்கள்: "அதுக்குப் பிறகு காற்றாலைத் தொழிற்சாலையை ஏன் விட்டனீர்?"

விடவில்லை, விட்டுப்போயிற்று. இருபத்தொரு வருடம் நான் செய்தது, காற்றாலை இறக்கைகளை உரசி மினுக்குகிற வேலை. ஒரு இறக்கை எங்கள் ஊர்த் தேரோடும் வீதியை விட நீளம். தலைக்கு மேலே கையைத் தூக்காமல் அந்த வேலை நடக்காது. ஐம்பத்து நான்கு வயதில் சங்கத்தின் விளையாட்டுப் போட்டியில், இளம் பெடியளுக்கு முன்னால் ஒரு பந்தை அடிக்கப் பாய்ந்தேன். பந்து வலைக்கு இந்தப் பக்கம் விழுந்தது. நான் அதற்கும் இந்தப் பக்கம்.

கொம்யூன் எனப்படும் நகரசபை அலுவலகத்தில் ஒரு பெண்மணி என் மருத்துவ அறிக்கையை வாசித்துவிட்டு, "முழங்காலுக்குக் கீழே செய்கிற வேலை ஏதாவது பிடிக்குமா?" என்று கேட்டார். தோட்ட வேலையாக்கும் என்று ஓம் சொன்னேன். அவர் கணினியில் தேடி, யூட்லாந்துக் குடாநாட்டின் வடமேற்கு மூலையில், வீட்டில் இருந்து இரண்டு மணி நேரக் கார் ஓட்டத்தில், ஒரு தேசியப் பூங்காவில் பயிற்சி வேலை பிடித்துத் தந்தார்.

வீட்டுக்கு வந்து வசந்திக்குச் சொன்னேன். பிராண்டேயில் ஒரு பாடசாலைச் சமையலறையில் வேலை செய்கிற அவர், வீட்டிலும் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"பூங்கா எண்டால் பூவோ?"

"மணல்."

வெட்டுகிற கை நின்றது. "மணற்காட்டில பிறந்து, மண்ணைக் கண்டது காணும் எண்டு இவ்வளவு தூரம் ஓடி வந்திட்டு, திருப்பியும் மண் அள்ளப் போறியளோ?"

அவர் சொன்னதில் பிழையில்லை. இலங்கையின் வடமராட்சிக் கிழக்கில் மணற்காடு என்றொரு ஊர். பெயரே சொல்லும். நான் அங்கே பிறந்தவன். சோற்றில் மண், பாயில் மண், காதுக்குள் மண். அந்த மண்ணை நான் ஒருநாளும் அழகென்று நினைத்ததில்லை. யாழ்ப்பாண ரவுணில் வளர்ந்த வசந்தி, கலியாணம் பேசி வந்தபோது என்னிடம் கேட்ட முதல் கேள்வியே, "டென்மார்க்கில மண் இல்லைத்தானே?" என்பதுதான். இல்லை என்று சொன்னேன். அப்போது நான் பிராண்டேயைத் தவிர வேறெதையும் பார்த்திருக்கவில்லை.

மழை பெய்கிற பாலைவனம்

அந்தப் பூங்காவின் பெயர் தியூ. டென்மார்க்கின் முதல் தேசியப் பூங்கா. கடற்கரையோரமாக நீண்டு கிடக்கிற மணல்மேடுகள், நடுநடுவே சின்னச் சின்ன ஏரிகள், பைன் காடு, புதர் வெளி.

என்னோடு வேலை செய்த ஊலே அதை "எர்கன்" என்பார். டேனிஷில் பாலைவனம். முதல் நாள் அவர் அதைச் சொன்னபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. இரண்டாம் நாளும் கொட்டியது. மூன்றாம் நாள் மழைச் சட்டையைப் பிழிந்துகொண்டு கேட்டேன்: "பாலைவனம் என்றால் மழை பெய்யாதே?"

"நல்ல பாலைவனங்களில் பெய்யாது," என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை. ஊலே பகிடி விடுகிறபோதெல்லாம் முகம் அப்படித்தான் இருக்கும். அது எனக்குப் பிடிபட ஒரு மாதம் சென்றது.

அறுபது வயது தாண்டியவர். மூன்று விரல் தடிப்பில் புருவம். அவர் பேசுகிற தியூ வட்டார டேனிஷ் எனக்கு அரைவாசி விளங்காது. நான் பேசுகிற பிராண்டேத் தமிழ் டேனிஷ் அவருக்கு அரைவாசி விளங்காது. இரண்டு பேருக்கும் சம நட்டம் என்பதால் நாங்கள் நன்றாக ஒத்துப்போனோம். வாரநாட்களில் அவருடைய வீட்டு மேலறையில்தான் தங்கினேன்.

அந்த வீட்டுச் சமையலறைக் கதவைப் பற்றிச் சொல்லவேண்டும். கனத்த ஓக் பலகை. கீழ்ப்பாதி மட்டும் எழுத்து அழிந்த சிலேட்டுப் போல வழவழவென்று தேய்ந்திருக்கும். மணல் தேய்த்தது என்றார் ஊலே. அவருடைய முன்னோர் கடலுக்குப் பக்கத்தில் பயிர் செய்தவர்கள். காடுகளை வெட்டினார்கள், ஆடு மாடுகளை அளவில்லாமல் மேய விட்டார்கள், மணலைப் பிடித்து வைத்திருந்த புல்லையும் கூரை வேயவும் கயிறு திரிக்கவும் அரிந்தார்கள். அதற்கு மேலே மேற்குப் புயல்கள். மணல் கிளம்பி நடக்கத் தொடங்கியது. வயலை மூடியது, கிணற்றை மூடியது, சில இடங்களில் தேவாலயத்தையே கைவிட வேண்டி வந்தது. காலையில் பால் கறக்கப் போகிற பெண்கள் முதலில் மண்வெட்டியால் வாசலைத் தோண்ட வேண்டும்.

ஊலேயின் குடும்பம் மூன்று தரம் வீட்டைப் பிரித்துக் கிழக்கே தள்ளிக் கட்டியதாம். ஒவ்வொரு தரமும் அந்தக் கதவைச் சுமந்துகொண்டு போனார்களாம். "சுவரைக் கட்டிக்கொள்ளலாம். நல்ல கதவு கிடைப்பது கஷ்டம்," என்றார்.

பிறகு அரசன் ஆணை போட்டான். கடற்கரையில் புல்லை அரிந்தால் தண்டனை. மணலைக் காவல் காக்க ஊருக்கு ஊர் அதிகாரி. விவசாயிகள் தங்கள் வயல் வேலையை விட்டுவிட்டு வந்து 'யெல்ம' என்ற அந்தக் கூரிய புல்லைப் பிடிபிடியாக நடவேண்டும் என்பது கட்டாயம். பிள்ளைகளும் கிழவர்களும் காற்றுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து நின்று நட்டார்கள். தலைமுறை தலைமுறையாக நட்டார்கள். புல் பிடித்த இடத்தில் பைன் நட்டார்கள். மணல் ஒருவழியாக நின்றது.

நட்டதைப் பிடுங்குதல்

என் வேலை என்ன என்று விளங்கியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பைன் கன்றுகளைப் பிடுங்குவது.

"மரம் நடத்தானே பூங்கா?" என்று ஊலேயிடம் கேட்டேன்.

அந்தப் பைன்கள் அந்நிய நாட்டில் இருந்து வந்தவை என்றார். விதை பறந்து போய்ப் புதர் வெளியெல்லாம் தானாக முளைத்துவிடும். விட்டுவைத்தால் மணல்மேடே இல்லை, எல்லாம் காடு. மணல் கொஞ்சமாவது அசைந்தால்தான் அங்கே பிழைக்கிற உயிர்கள் உண்டு. இப்போது ஆய்வாளர்கள் சொல்கிறார்கள், மணலை மூச்சுவிட விடுங்கள் என்று.

"இந்தக் காட்டில் பாதி என் பாட்டனாரின் அப்பா நட்டது," என்றார். "நான் பிடுங்குகிறேன். எனக்குப் பிறகு வருகிறவனைத் திரும்ப நடச் சொல்வார்கள். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் வேலை இல்லாமல் போனதில்லை."

ஒரு கணம் பொறுத்துத்தான் நான் சிரித்தேன். அவர் அதற்குள் அடுத்த கன்றைப் பிடுங்கிவிட்டார்.

எனக்குக் கொஞ்சம் கை கூசியது உண்மை. மணற்காட்டில் மணலை நிறுத்தச் சவுக்கு நட்டார்கள். பள்ளிக்கூடத்தில் எங்களைக் கூட்டிக்கொண்டு போய் நடவிட்டார்கள். நான் நட்ட கன்று ஆடு தின்று செத்தது. அதோடு மரத்துக்கும் எனக்குமான கணக்கு முடிந்ததென்று நினைத்திருந்தேன்.

குனிந்து வேலை செய்கிறவனுக்குத்தான் அந்த இடம் தெரியும். ஈரப் பள்ளங்களில் நகத்தளவு சிவப்புச் செடி ஒன்று, இலையில் பசை வைத்து ஈ பிடித்துத் தின்னும். ஒரு தேரை இருக்கிறது, முதுகில் மஞ்சள் கோடு. அது குதிக்காது, எலி போல ஓடும். முதல் தரம் பார்த்தபோது தேரைக்குத்தான் ஏதோ நோய் வருத்தம் என்று நினைத்து ஊலேயைக் கூப்பிட்டேன். உலகப் போரில் ஜெர்மானியர் கட்டிய கொங்கிரீட் அரண்கள் மணலில் சரிந்து கிடக்கின்றன. அவற்றுக்குள்ளே இப்போது வௌவால்கள் குடியிருக்கின்றன. கடற்கரைக்கு இந்தப் பக்கம், சதுப்பு நிலத்தில் இரண்டு சாம்பல் பெருங்கொக்குகள், கலியாண வீட்டுக்கு வந்த பெரிய மனிதர்கள் போலக் காலெடுத்து வைத்து நடக்கும்.

இதையெல்லாம் நான் வாய் ஓயாமல் கதைக்கிறதைப் பூங்காப் பொறுப்பாளர் கவனித்திருக்கிறார். ஏப்ரலில் என்னைக் கூப்பிட்டு, பார்வையாளருக்கு வழிகாட்டுகிற வேலையையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். மே கடைசியில், நிரந்தர வேலையாகவே தருகிறோம், யோசித்து அடுத்த திங்கட்கிழமை பதில் சொல்லுங்கள் என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். வசந்தி சோற்றைப் போட்டுவிட்டு எதிரே இருந்தார்.

"கிழமையில அஞ்சு நாள் அங்கையோ?"

"ஓம்."

"எவ்வளவு காலத்துக்கு?"

"நிரந்தரம் எண்டால்... நிரந்தரம்தான்."

அவர் எழுந்து பாத்திரம் கழுவப் போனார். மகள் ஓகூஸ் நகருக்குப் படிக்கப் போய் இரண்டு வருடம். அவளை அழைத்துச் சொன்னபோது, அவள் டேனிஷில், "அப்பா, அது நல்ல விஷயம்தானே, அம்மா என்ன சொன்னா?" என்றாள். அம்மா பாத்திரம் கழுவுகிறா என்றேன். பதில் சொல்ல வேண்டிய திங்களை இரண்டு கிழமை தள்ளித் தரும்படி பூங்காவில் கேட்டு வாங்கினேன். அதற்கு முந்தின சனிக்கிழமைதான் சங்கத்தின் சுற்றுலா. நானே ஒழுங்கு செய்தது. வசந்தி வரமாட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். பஸ்ஸில் இருந்து இறங்கி வந்தார், வெள்ளைச் சப்பாத்தோடு.

என் காலடியைத் தொடர்ந்து

இனிப் புகாருக்கு வருவோம்.

கோடைத் தொடக்கத்தில் தரை சூடாகவும் கடல் குளிராகவும் இருக்கிற நாட்களில் இது வரும். எச்சரிக்கை இல்லை. வெயிலில் நின்று மேற்சட்டையின் ஒரு கையைக் கழற்றுகிறீர்கள், மறு கை கழற்றுமுன் உலகம் இல்லை. பார்வையாளரோடு போகும்போது புகார் வந்தால் என்ன செய்வதென்று எனக்குச் சொல்லித்தந்திருந்தார்கள். உட்கார். எல்லோரையும் உட்கார வை. காத்திரு.

"நீயும் உட்கார்," என்றார் வரிசையின் கடைசியில் இருந்து வந்த ஊலே. "புகாருக்குள் தேடப் போகிற ஆளையும் சேர்த்துத் தேட வேண்டி வரும்."

"அவருக்கு இந்த இடம் தெரியாது."

"எனக்கு உன்னைத் தெரியும். அதுதான் சொல்கிறேன்."

நான் போனேன்.

மேட்டில் இருந்து இறங்கி, வந்த வழி என்று நினைத்த வழியில் நடந்தேன். "வசந்தி" என்று கூப்பிட்டேன். குரல் பஞ்சுக்குள் போவது போலப் போய் நின்றது. மேற்கே அலை இழுக்கிற கடல். நடுவில் பள்ளங்களில் தண்ணீர். துருப்பிடித்த கம்பி நீட்டிக்கொண்டிருக்கிற கொங்கிரீட். விரியன் பாம்பும் உண்டு என்று பஸ்ஸடியில் நின்று நானே ஒலிபெருக்கியில் சொல்லியிருந்தேன். எல்லோரும் ரசிக்க வேண்டும் என்பதற்காகப் பாம்பைக் கொஞ்சம் நீட்டியும் சொல்லியிருந்தேன்.

சிறிது தூரத்தில் காலடித் தடம் கண்டேன். புதுத்தடம். மனம் துள்ளியது. குனிந்து அதைத் தொடர்ந்து நடந்தேன், ஏறினேன், இறங்கினேன், ஒரு வட்டம் சுற்றினேன். இன்னொரு தடமும் அதோடு வந்து சேர்ந்தது. இரண்டிலும் ஒரே மாதிரிப் பல்லுப் பல்லான அடையாளம். என் வேலைச் சப்பாத்து.

என் காலடியையே நான் தொடர்ந்து போயிருக்கிறேன். இரண்டு மாதமாக ஊருக்கெல்லாம் மணலைப் படிக்கச் சொல்லிக்கொடுத்த ஆள்.

மணலில் உட்கார்ந்துவிட்டேன். கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குரல் கட்டிவிட்டது. அப்போது யோசித்தது வேலையைப் பற்றி அல்ல. இரண்டு கிழமையாக அவர் சொல்லாமல் வைத்திருந்த விஷயம் என்னவென்று ஒருதரமாவது கேட்டிருக்கலாமே என்றுதான்.

எவ்வளவு நேரமோ தெரியாது. ஒரு சத்தம் கேட்டது.

டங். டங். டங்.

கோயில் மணி போல ஆனால் தகர மணி. நின்று நின்று, ஆறுதலாக, ஒரே அளவாக அடித்தது. தேவாலயம் அந்தப் பக்கத்தில் இல்லை. எழுந்து அந்தச் சத்தத்தை நோக்கி நடந்தேன். புதர் காலைக் கீறியது. தரை கெட்டியானது. பஸ்ஸின் வெள்ளை உடம்பு புகாருக்குள் இருந்து வந்தது.

அதற்குப் பக்கத்து மேட்டில் வசந்தி நின்றார். ஒரு கையில் சோற்றுக் கிடாரத்தின் மூடி. மறு கையில் கறிக் கரண்டி.

யார் தொலைந்தது

"எங்கை போனனீங்கள்?" என்று என்னைக் கேட்டார். "மற்ற ஆக்கள் எங்கை?"

எனக்கு மூச்சு வாங்கியது. "நீர் எங்கை போனனீர்?"

"நான் இஞ்சைதான். சப்பாத்தைத் தட்டிப் போட்டுக்கொண்டு நிமிந்தன், ஒருத்தரும் இல்லை. புகார். உங்களைக் கூப்பிட்டன், கேக்கேல்லை. சரி, பஸ்ஸுக்குப் போவம் எண்டு வந்திட்டன். சாரதி சாமான் வைக்கிற கதவைப் பூட்டாமல் உங்களோட போயிட்டுது. நல்லதாப் போச்சு."

"வழி எப்பிடித் தெரியும்?"

அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

"இஞ்சை காத்து மேற்கில இருந்து வாறது. அதால மண்மேட்டுக்கு மேற்குப் பக்கம் சரிவு, கிழக்குப் பக்கம் செங்குத்து. ஆறுதலா ஏறிச் சடாரெண்டு இறங்கினால் கிழக்கை போறம். செங்குத்தில ஏற வேண்டி வந்தால் கடலுக்குப் போறம், திரும்ப வேணும்." பாடம் ஒப்புவிக்கிற மாதிரிச் சொன்னார். "பஸ் கிழக்கை."

"இதை ஆர் சொன்னது?"

"நீங்கள்தான். ஒவ்வொரு பின்னேரமும் ரெலிபோனில சொன்னீங்கள்."

உண்மைதான். வழிகாட்டுகிற வேலை வந்ததில் இருந்து, மறுநாள் டேனிஷில் சொல்ல வேண்டியதைத் தமிழில் வசந்திக்கு ஒருதரம் சொல்லிப் பார்ப்பது என் வழக்கம். மறுபக்கத்தில் தண்ணீர் ஓடும், கத்தி தட்டும். ம் என்று எப்போதாவது ஒரு சத்தம் வரும். போனை எங்கேயோ வைத்துவிட்டு அவர் தன்பாட்டில் சமைக்கிறார் என்றே நினைத்திருந்தேன்.

"ஓடுற தேரையும் தெரியும்," என்றார். "முதுகில மஞ்சள் கோடு."

மூடியை வாங்கிக் கீழே வைத்தேன். அவர் கை குளிர்ந்திருந்தது.

"திங்கக்கிழமை நான் வேண்டாம் எண்டு சொல்லிப்போடுறன்," என்றேன்.

"ஏன்?"

"உமக்கு விருப்பமில்லைத்தானே."

"நான் விருப்பமில்லை எண்டு எப்ப சொன்னனான்?" அவர் குரல் உயரவில்லை. "உங்களுக்கு இந்த மண் பிடிச்சுப் போச்செண்டு எனக்குத் தெரியும். தோள் போன பிறகு உங்கட குரலே வேற மாதிரி இருந்தது. இஞ்சை வந்த பிறகுதான் பழைய குரல் வந்தது. அதைக் கெடுக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் பின்னேரம் ஆறு மணிக்கு மேசையில ஒரு கோப்பையை வைச்சுக்கொண்டு, போனில தேரைக் கதை கேட்டுக்கொண்டு சாப்பிடுறது எனக்குக் காணாது. பிள்ளையும் இல்லை. நீங்களும் இல்லை. அதை நீங்களாக் கேப்பீங்கள் எண்டு பாத்தன்."

நான் கேட்கவில்லை. அதைச் சொன்னேன். "பிழைதான்," என்றேன். இருபத்தேழு வருடத்தில் அந்தச் சொல்லை நான் அத்தனை சுலபமாகச் சொன்னது இல்லை.

வசந்தி புகாரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, கடைக்குப் போகிற விஷயம் சொல்கிற மாதிரிச் சொன்னார்:

"இஞ்சை இருந்து இருபது நிமிசத்தில ஒரு முதியோர் இல்லம் இருக்கு. சமையலறைக்கு ஆள் தேடுகினம். போன கிழமை விண்ணப்பம் போட்டனான். வாற வியாழக்கிழமை நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருக்கினம். அதுக்கு முதல் ஒருக்கா இடத்தைப் பாத்திட்டுப் போவம் எண்டுதான் இண்டைக்கு வந்தனான்."

நான் கீழே வைத்த மூடியைத் திரும்ப எடுத்து மண்ணைத் தட்டினேன்.

"புகார் வராட்டில் வடிவாப் பாத்திருப்பன்," என்றார்.

சாப்பாடு

மூடிச் சத்தம் ஊலேக்கும் கேட்டிருந்தது. நாற்பத்திரண்டு பேரையும் ஆளை ஆள் சட்டையில் பிடிக்கச் செய்து, தொடர்வண்டி போலக் கூட்டிக்கொண்டு வந்தார். சிவநேசன் அண்ணை வசந்தியைக் கண்டதும் முதலில் செய்தது, "நாப்பத்திமூண்டு" என்று உரக்கச் சொன்னதுதான். அதற்குப் பிறகுதான் அவர் முகத்துக்கு நிறம் திரும்பியது.

கிடாரத்தைத் திறந்தார்கள். புகாருக்குள் நின்றபடியே சாப்பாடு. யார் பரிமாறுகிறார்கள் என்று தெரியாது. நீட்டிய தட்டில் சோறு வந்தது, பிறகு ஆட்டுக்கறி வந்தது. ஊலேயின் கையில் யாரோ ஒரு மிதிவெடியைக் கொடுத்தார்கள். எங்கள் ஊரில் முட்டையும் இறைச்சியும் வைத்துச் சுருட்டிப் பொரிக்கிற சிற்றுண்டி அது. பெயரின் அர்த்தம் கண்ணிவெடி என்று நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்தக் கடற்கரையில் ஜெர்மானியர் புதைத்ததை எல்லாம் அகற்றிவிட்டதாகச் சொன்னார்களே," என்றார். பிறகு நான்கு தின்றார்.

புகார் வந்த மாதிரியே போனது. முதலில் பைன் மரங்களின் நுனி, பிறகு வெளி, பிறகு தூரத்தில் பளிச்சென்று கடல். சதுப்பில் இரண்டு பெருங்கொக்குகளும், அவற்றின் காலடியில் கபில நிறத்தில் ஒரு குஞ்சும். அந்தக் குஞ்சை நானே அதுவரை பார்த்ததில்லை. கோல்டிங் அக்காமார்கூடக் கதையை நிறுத்தினார்கள்.

திங்கட்கிழமை பூங்காப் பொறுப்பாளரிடம் ஓம் என்று சொன்னேன். புகாரில் கூட்டத்தை விட்டுப் போனதையும் நானே சொன்னேன். அவர் ஊலேயைப் பார்த்தார். "இவரை ஒருதரம் தொலைத்துப் பார்த்துவிட்டோம். இனித் தொலைய மாட்டார்," என்றார் ஊலே.

வியாழக்கிழமை வசந்தியை நேர்முகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது நான்தான். முதியோர் இல்லத்துக்கு வெளியே காரில் இருந்தேன். முக்கால் மணி நேரம். அவர் வந்து ஏறி, இருக்கை வாரைப் போட்டுக்கொண்டு, முன்னால் பார்த்தபடி இருந்தார்.

"என்ன கேட்டவை?"

"பிராண்டேயில நல்ல வேலை இருக்கேக்கை, ஏன் இவ்வளவு தூரம், ஆளில்லாத இடத்துக்கு வாறீங்கள் எண்டு கேட்டவை."

"என்ன சொன்னனீர்?"

"என்ர மனுசன் இஞ்சை இருக்கிறார், ஒவ்வொரு நாளும் ஒரு மணித்தியாலம் போனில மணலைப் பற்றிக் கதைக்கிறார், நேர இருந்தால்தான் நிப்பாட்டச் சொல்லலாம் எண்டு சொன்னன்."

"அவை சிரிச்சவையோ?"

"சிரிச்சவை. நான் சிரிக்கேல்லை." பையில் இருந்து மடித்த கடதாசி ஒன்றை எடுத்து என் மடியில் வைத்தார். "ஆகஸ்ட் முதலாம் திகதி தொடங்கச் சொல்லியிருக்கினம். காரை எடுங்கோ. இருட்ட முதல் நாலைஞ்சு வீடு பாக்க வேணும்."